கார் பெற்றோலைக் குடிக்குதா? முதலில் கொப்பியை எடுங்கள்

புதிதாக வந்து, அகதிக் கோரிக்கை வைத்து, வேலை அனுமதிப்பத்திரமும் கிடைத்து, முதலாவது பழைய காரையும் வாங்கிய எமது உறவுகள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "வேலைக்குப் போறதுக்குத்தான் கார் வாங்கினது. இப்ப காருக்குக் காஸ் அடிக்கிறதுக்குத்தான் வேலைக்குப் போறன் போல கிடக்கு." சிரித்துக்கொண்டு சொன்னாலும் இது சிரிக்கிற விடயம் அல்ல. அறை வாடகை கட்டவேண்டும், காப்புறுதி கட்டவேண்டும், ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஏதாவது அனுப்பவேண்டும். பஸ் போகாத இடத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ற் கிடைத்தவருக்குக் கார் இல்லாமல் வேலையும் இல்லை.

இந்த நிலையில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் "பழைய கார்தானே" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் யாரோ சொன்னார்கள் என்று பிளக்கை மாற்றி, சென்சரை மாற்றி, நூற்றுக்கணக்கில் செலவழித்த பிறகும் அதே செலவோடு நிற்கிறார்கள். இவை இரண்டும் தேவையில்லை. இந்தப் பாடத்தின் சாரம் ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். அளப்பதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

ஒரு சொல் விளக்கம். கனடாவில் பெற்றோலைக் "காஸ்" என்பார்கள். சமையல் காஸ் என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். இந்தப் பக்கத்தில் நாம் பெற்றோல் என்றே எழுதுகிறோம். கீழே சொல்லப்படும் சட்ட விடயங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதிகளைக் கேட்டு அறியவும்.

1. அளக்கும் முறை

இந்த நாட்டில் எரிபொருள் செலவை "100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்" என்று சொல்வார்கள். ஊரில் "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்" என்று கேட்டுப் பழகியிருப்போம். இங்கே கணக்குத் தலைகீழ். எண் குறைந்தால் நல்லது, கூடினால் கூடாது.

செய்யவேண்டியது இதுதான்:

அ) தாங்கியை முழுதாக நிரப்புங்கள். பம்ப் தானாக "டிக்" என்று நின்றதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அமத்தி அமத்தி ஊற்ற வேண்டாம். அது கணக்கையும் பிழையாக்கும், பெற்றோல் ஆவியைப் பிடிக்கும் பகுதியையும் பழுதாக்கும்.

ஆ) டாஷ்போட்டில் உள்ள சிறிய தூரமானியைப் பொத்தானை அமத்திப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இ) வழமைபோல ஓடுங்கள். கால் தாங்கிக்குக் குறையவிடாமல், முடிந்தால் அதே நிலையத்தில், மீண்டும் முழுதாக நிரப்புங்கள்.

ஈ) ரசீதில் உள்ள லீற்றரை ஓடிய கிலோமீற்றரால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள்.

உதாரணம்: ஓடியது 340 கிலோமீற்றர், ஊற்றியது 38 லீற்றர். 38 ஐ 340 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 11.2. ஆகவே 100 கிலோமீற்றருக்கு 11.2 லீற்றர்.

ஒருமுறை அளந்து முடிவு எடுக்க வேண்டாம். பம்ப் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நிற்காது. மூன்று முறையாவது அளந்து சராசரி எடுங்கள். "20 டொலருக்கு அடி" என்று ஊற்றிக்கொண்டே போனால் இந்தக் கணக்கு ஒருபோதும் வராது. முழுதாக நிரப்பக் காசு இல்லாத கிழமையில் ஊற்றியவற்றை எல்லாம் எழுதி வையுங்கள். அடுத்தமுறை முழுதாக நிரப்பும்போது கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

இந்த எண் உங்கள் சம்பளத்தில் என்ன செய்கிறது? வேலைக்குப் போக 30, வர 30, மாதத்தில் 22 நாள் என்றால் 1,320 கிலோமீற்றர். கணக்குக்காக ஒரு லீற்றர் 1 டொலர் 50 சதம் என்று வைப்போம். 9 லீற்றர் கார் மாதம் ஏறக்குறைய 178 டொலர் குடிக்கும். 11.2 லீற்றர் கார் 222 டொலர் குடிக்கும். 14 லீற்றர் கார் 277 டொலர் குடிக்கும். ஒன்பதுக்கும் பதினாலுக்கும் இடையில் மாதம் 99 டொலர் போகிறது.

2. உங்கள் காருக்கு எது சரியான எண்?

நோய் என்று சொல்லமுதல், சுகமாக இருக்கும்போது உடல் எப்படி இருக்கும் என்று தெரியவேண்டும் அல்லவா? கனடா இயற்கை வளத் திணைக்களம் 1995 ஆம் ஆண்டு முதல் வந்த கார்களின் எரிபொருள் அளவை, பெயர், மாதிரி, ஆண்டு வாரியாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 2015 க்கு முந்திய கார்களுக்குப் பழைய அளவு, திருத்திய அளவு என்று இரண்டு உண்டு. பழைய அளவுகள் நடைமுறையைவிடக் குறைவாகவே காட்டும். திருத்திய அளவையே பாருங்கள். கணினி பழக்கம் இல்லாதவர்கள் நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

பருமட்டாக ஒரு உதாரணம்: 2010 ஆம் ஆண்டு 1.8 லீற்றர் எஞ்சின், ஓட்டோ கியர் உள்ள ரொயோட்டா கொறொல்லா நகரத்தில் சுமார் 9, ஹைவேயில் சுமார் 7 லீற்றர் எடுக்கும். அதே ஆண்டு டொட்ஜ் கிராண்ட் கறவான் வான் நகரத்தில் சுமார் 14, ஹைவேயில் சுமார் 10 எடுக்கும். கறவான் வைத்திருப்பவர் 14 என்று கவலைப்பட்டு மெக்கானிக்கிடம் ஓடினால், மெக்கானிக் என்ன செய்யமுடியும்? வானுக்கு வருத்தம் இல்லை, அதன் பசியே அவ்வளவுதான். தனியாக வேலைக்குப் போய்வருகிறவர் விலை குறைவு என்று பெரிய வான் வாங்கமுதல் இந்த எண்ணைப் பாருங்கோ. வாங்கும்போது மிஞ்சிய காசு இரண்டு வருடத்தில் பம்பில் போய்விடலாம்.

3. கொப்பியைப் படிப்பது எப்படி?

ஒவ்வொரு முறையும் திகதி, கிலோமீற்றர், லீற்றர், விடை ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஐந்தாவதாகக் குளிரா வெயிலா என்றும் எழுதுங்கள். சில மாதம் போனால் கொப்பி பேசத் தொடங்கும். ஸ்காபரோவில் இருந்து வேலைக்குப் போகும் ஒருவரின் கொப்பி இப்படி இருக்கிறது என்று வைப்போம்:

ஒக்டோபர்: 410 கி.மீ., 38.5 லீற்றர், விடை 9.4
நவம்பர்: 395 கி.மீ., 39.1 லீற்றர், விடை 9.9
டிசம்பர்: 370 கி.மீ., 40.0 லீற்றர், விடை 10.8
ஜனவரி: 290 கி.மீ., 39.4 லீற்றர், விடை 13.6

ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை மெதுவாக ஏறியிருக்கிறது. மொத்தம் 15 வீதம். இது குளிர்காலம் செய்யும் வேலை. ஆனால் டிசம்பரில் இருந்து ஜனவரிக்குள் ஒரேயடியாக 26 வீதம் பாய்ந்திருக்கிறது. அவர் ஓடும் பாதையும் நேரமும் மாறவில்லை என்றால், காரில் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது.

இதையே விதியாக எழுதிக்கொள்ளுங்கள்:

முதல்நாளில் இருந்தே கூட, ஆனால் ஏறவில்லை: பெரும்பாலும் காரின் இயல்பு, அல்லது ஓட்டும் முறை, அல்லது ஓடும் பாதை.
மாதங்களோடு மெதுவாக ஏறுகிறது: குளிர், ரயர்க் காற்று, பிறேக் இறுக்கம், பிளக் தேய்வு.
திடீரென்று பாய்ந்தது: பழுது. காரணம் தேடவேண்டும்.

4. காசு செலவில்லாத பரிசோதனைகள்

கராஜுக்குப் போகமுதல் இவற்றை நீங்களே பாருங்கள்.

ரயர்க் காற்று: சாரதிக் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுக்கே காற்று அடிக்க வேண்டும். ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. ஓடமுதல், ரயர் குளிராக இருக்கும்போது அளக்கவேண்டும். வெப்பநிலை 5, 6 பாகை இறங்கினால் காற்று ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். செப்ரெம்பரில் 20 பாகையில் 32 அடித்த ரயர், ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையில் 27 க்கு வந்துவிடும். கசிவு சேர்ந்தால் இன்னும் குறையும். 8 பி.எஸ்.ஐ. குறைவாக ஓடினால் எரிபொருள் 4 வீதம் வரை கூடச் செலவாகும் என்று இயற்கை வளத் திணைக்களம் சொல்கிறது. அதோடு ரயரும் கெதியில் தேயும், வழுக்கும் தெருவில் பிடிப்பும் குறையும். டாஷ்போட்டில் எச்சரிக்கை விளக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல கார்களில் கால்வாசிக் காற்று இறங்கிய பிறகுதான் அந்த விளக்கு வரும்.

கியர்ப் பொத்தான்: பழைய ஓட்டோ கியர் கார்கள் சிலவற்றில் கியர்ப் பிடியில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். தெரியாமல் அமத்தினால் டாஷ்போட்டில் "ஓ/டி ஓஃப்" என்று விளக்கு எரியும். அப்படியென்றால் கார் கடைசிக் கியருக்குப் போகாது. ஹைவேயில் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும், பெற்றோல் அநியாயமாகப் போகும். திரும்ப அமத்தினால் விளக்கு அணையும். செலவு பூச்சியம்.

கூரையும் பின்பெட்டியும்: முன்னைய சொந்தக்காரர் விட்டுப்போன கூரைப் பெட்டி, சைக்கிள் தாங்கி இருந்தால் கழற்றுங்கள். ஹைவே வேகத்தில் கூரைப் பெட்டி 10 முதல் 25 வீதம் வரை எரிபொருளைக் கூட்டும் என்று அமெரிக்க அரசின் அளவுகள் காட்டுகின்றன. பின்பெட்டியில் மாதக்கணக்காகக் கிடக்கும் அரிசி மூடையையும் இறக்குங்கள். பனிக்காலத்தில் போர்வை, சவள், ஜம்பர் கேபிள் மட்டும் இருக்கட்டும்.

வேகம்: 100 இல் ஓடுவதைவிட 120 இல் ஓடினால் ஏறக்குறைய 20 வீதம் கூடுதலாக எரியும். 30 கிலோமீற்றர் தூரத்தில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் நேரம் 3 நிமிடம். மூன்று நிமிடம் முந்தி வெளிக்கிடுவது மலிவு.

கால்: சிவப்பு விளக்கு எரிவது தூரத்திலேயே தெரியும்போது கடைசிவரை மிதித்துக்கொண்டு போய் பிறேக் அடிப்பது, பெற்றோலைச் சூடாக்கி வீதியில் ஊற்றுவதற்குச் சமம். முன்கூட்டியே காலை எடுங்கள். பக்கத்துச் சீற்றில் ஒருவர் மடியில் குழம்புச் சட்டியோடு இருக்கிறார் என்று நினைத்து ஓடுங்கள். குழம்பு சிந்தாமல் ஓடுகிறவருக்குப் பெற்றோலும் சிந்தாது.

5. குளிர்காலமும் சூடாக்குதலும்

முதல் குளிர்காலத்தில் எல்லோருக்கும் செலவு கூடும். பயப்பட வேண்டாம். பூச்சியத்துக்குக் கீழ் 7 பாகையில் நகரத்தில் ஓடும்போது, 25 பாகையைவிட ஏறக்குறைய 15 வீதம் கூடுதலாகப் போகும். 5, 6 கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் குறுகிய பயணங்களில் இன்னும் மோசம். எஞ்சின் சூடாக முதலே பயணம் முடிந்துவிடுகிறது. கடை, பள்ளிக்கூடம், கோயில் என்று மூன்று தனிப் பயணம் போகாமல் ஒரே சுற்றில் முடித்தால், முதல் தடவைதான் எஞ்சின் குளிரில் எரியும்.

"கால் மணித்தியாலம் ஸ்ராட்டில் விட்டு எடுத்தால்தான் எஞ்சினுக்கு நல்லது" என்று பலர் சொல்வார்கள். காபரேற்றர் உள்ள பழைய வாகனங்களுக்கு அது ஓரளவு பொருந்தியது. இன்றைய கார்களில் கணினி பெற்றோலை அளந்து விடுகிறது. இரண்டு மூன்று நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓடத் தொடங்கினால் எஞ்சின் கெதியில் சூடாகும். நின்ற இடத்தில் ஓடும்போது 3 லீற்றர் எஞ்சின் 10 நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் பெற்றோலை எரிக்கும். அந்த நேரத்தில் கண்ணாடிகளில் உள்ள பனி முழுவதையும் சுரண்டி எடுங்கள். அதைத் தவறவிட்டு, பார்க்க ஒரு சின்ன ஓட்டை மட்டும் சுரண்டிக்கொண்டு ஓடுவது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். ரொறொன்ரோவில் தரித்து நிற்கும் காரின் எஞ்சினை ஒரு மணித்தியாலத்தில் 1 நிமிடத்துக்கு மேல் வீணாக ஓடவிடுவதற்கு எதிராக நகரசபை விதியும் உண்டு.

மிக முக்கியம்: வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் காரை ஸ்ராட்டில் விட்டுச் சூடாக்க வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். புகையில் உள்ள காபன் மொனொக்சைட் நிறமும் மணமும் இல்லாதது, ஆளைக் கொல்லக்கூடியது. அது வீட்டுக்குள் கசிந்து, தூங்குகிறவர்களையும் தாக்கும். எங்கட ஆக்களில் பலர் பேஸ்மென்ற் அறையில் இருப்பவர்கள். உங்கள் அறைக்குக் கிட்ட அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் இன்றே கேளுங்கள். ஒட்டிய கராஜ் உள்ள வீட்டில் அது இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். பனி கொட்டிய பிறகு ஸ்ராட் செய்யமுதல் சைலன்சர்க் குழாயை மூடிய பனியையும் அகற்றுங்கள்.

பனிக்கால ரயர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் எடுக்கும். அதற்காக அவற்றைத் தவிர்க்க வேண்டாம். ஒன்ராறியோவில் பனிக்கால ரயர் போட்டால் காப்புறுதி நிறுவனம் கழிவு தரவேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. கேட்டு வாங்குங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அவை கட்டாயம்.

6. கார் காட்டும் நோய்க்குறிகள்

கொப்பியில் எண் பாய்ந்துவிட்டது. ரயர், கியர்ப் பொத்தான் எல்லாம் சரி. இனிக் காரைக் கவனியுங்கள்.

சூட்டு முள் நடுவுக்கு வரவில்லை: 15 நிமிடம் ஓடிய பிறகும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கீழேயே நிற்கிறது, ஹீற்றர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் தேர்மோஸ்ரற் திறந்தபடி இறுகியிருக்கலாம். எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துக் கணினி பெற்றோலைக் கூட ஊற்றிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்த ஜனவரிக் கொப்பிக்கு இதுதான் முதலில் சந்தேகிக்க வேண்டியது. பொதுவாகப் பெரிய செலவு இல்லாத பாகம்.

ஒரு சில்லு மட்டும் சூடு: இங்கே தெருவில் உப்புப் போடுவதால் பிறேக் பாகங்கள் துருப்பிடித்து இறுகும். காலை எடுத்தாலும் பிறேக் முழுதாக விடாது. கால் பிறேக்கில் இருந்தபடியே ஓடுவது போல. ஓடி முடித்து நிறுத்தியதும் ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுடும். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால், எரிந்த மணம் வந்தால், கார் ஒரு பக்கம் இழுத்தால் உடனே காட்டுங்கள். பெற்றோல் செலவை விடுங்கள், இது பிறேக் விடயம்.

ஸ்ரியறிங் கோணலாக நிற்கிறது, ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்கிறது: குழியில் விழுந்து சில்லின் நேர் பிசகியிருக்கும். நேர் பார்க்கச் சொல்லுங்கள்.

கறுப்புப் புகை, சைலன்சர் வாயில் கறுப்புக் கரி, பெற்றோல் மணம்: பெற்றோல் கூடுதலாக எரிகிறது. ஒட்சிசன் சென்சர் போன்ற ஒன்று பழுதாகியிருக்கலாம். பழுதான ஒட்சிசன் சென்சரை மாற்றினால் எரிபொருள் நிலை 40 வீதம் வரை திருந்தலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் வழிகாட்டி சொல்கிறது.

எஞ்சின் விளக்கு: மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் உள்ள விளக்கு எரிந்தபடியே நின்றால், கெதியில் காட்டவேண்டும். மினுங்கி மினுங்கி எரிந்தால், எரியாத பெற்றோல் சைலன்சர்ப் பக்கத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அங்குள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றர் கருகிவிடும். அது மிக விலையானது. காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். அப்படியே வேலைக்குப் போய்வரலாம் என்று எண்ண வேண்டாம்.

கனடாவில் 1998 மாதிரிக்குப் பிந்திய பெற்றோல் கார்களில் சாரதியின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போட்டின் அடியில் ஒரு சொக்கெற் இருக்கும். அதில் சிறிய கருவியைச் செருகினால் ஒரு குறியீடு வரும். அந்தக் கருவியை நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கலாம். நினைவில் வைக்கக்கூடிய சில:

பி 0128: எஞ்சின் சூடாகவில்லை. பெரும்பாலும் தேர்மோஸ்ரற்.
பி 0300 முதல்: சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக், கொயில் முதலில் பார்க்க வேண்டும்.
பி 0171: எஞ்சினுக்குள் காற்றுக் கூட அல்லது பெற்றோல் குறைய. வெடித்த றப்பர்க் குழாய் ஒன்றாலும் வரும்.
பி 0455: பெற்றோல் ஆவி கசிகிறது. முதலில் தாங்கி மூடியை இறுக்கிப் பாருங்கள். சில நாள் ஓட விளக்குத் தானாக அணைந்தால் அதுதான் காரணம்.

ஒன்றை மறக்க வேண்டாம். குறியீடு நோவு எங்கே என்று மட்டும் சொல்லும், எந்தப் பாகத்தை மாற்றவேண்டும் என்று சொல்லாது. காய்ச்சல் என்றவுடன் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்கிறோமா? பி 0171 வந்ததும் ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்பவரிடம் "குழாய்களில் கசிவு பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.

7. எவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம்

காரின் கைநூலில் சாதாரண 87 பெற்றோல் என்று இருந்தால் விலை கூடிய பெற்றோல் ஊற்றுவதால் பயன் இல்லை. கைநூல் உயர்ந்த ரகம் கட்டாயம் என்றால் மட்டும் ஊற்றுங்கள்.

பெற்றோல் குழாயில் கட்டும் காந்தம், தாங்கியில் போடும் குளிசை, சொக்கெற்றில் செருகும் "சிக்கனக் கருவி" எதையும் வாங்க வேண்டாம். அமெரிக்க அரசின் சூழல் பாதுகாப்பு முகவரகம் இப்படியான 100 க்கு மேற்பட்ட பொருட்களைச் சோதித்தது. குறிப்பிடத்தக்க அளவு மிச்சம் பிடித்த ஒன்றையும் அது காணவில்லை.

காற்று பில்ரர் அடைத்தால் பெற்றோல் கூடும் என்பது காபரேற்றர் காலத்து உண்மை. இன்றைய கார்களில் அது இழுவையைக் குறைக்குமே தவிர எரிபொருள் செலவைப் பெரிதாக மாற்றாது. அழுக்கென்றால் மாற்றுங்கள், ஆனால் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். எஞ்சின் ஒயில் மூடியில் எழுதிய ரகத்தையே ஊற்றச் சொல்லுங்கள். தடிப்பான ஒயில் ஒன்று இரண்டு வீதம் பெற்றோலைக் கூட்டும்.

8. கராஜில் உங்கள் உரிமை

மொழி தெரியாது, வழக்கு முடியவில்லை, எதுக்கு வம்பு என்று பலர் சொன்ன காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அகதிக் கோரிக்கையாளராக இருப்பதால் நுகர்வோர் உரிமை குறைவதில்லை. ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி:

* வேலை தொடங்கமுதல் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். மதிப்பீட்டுக்குக் கட்டணம் என்றால் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.
* இறுதிக் கணக்கு அந்த மதிப்பீட்டைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது.
* நீங்கள் சம்மதிக்காத வேலைக்குப் பணம் கேட்க முடியாது.
* கழற்றிய பழைய பாகங்களைத் தரும்படி முன்கூட்டியே கேட்கலாம்.
* புதிய பாகத்துக்கும் கூலிக்கும் ஆகக்குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

ஆங்கிலம் வராதவர்கள் இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்குங்கள்: "பிளீஸ் கிவ் மீ எ றிற்றின் எஸ்ரிமேற் ஃபெர்ஸ்ற்." எழுத்து மதிப்பீட்டை முதலில் தாருங்கள் என்று பொருள். எங்கட ஆக்களின் கராஜ் என்றாலும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்கமாட்டார். "கார் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் கொப்பியையும் காட்டுங்கள். "டிசம்பரில் 10.8, ஜனவரியில் 13.6, ஹீற்றரும் சூடில்லை" என்று சொல்லும் ஒருவரிடம் தேவையில்லாத பாகத்தை விற்பது கஷ்டம். மெக்கானிக்குக்கும் தேடும் நேரம் குறையும், உங்களுக்கும் கூலி குறையும்.

9. வழக்கு நாளும் பழைய காரும்

எரிபொருள் செலவு திடீரென்று பாய்வது, கார் வழியில் நிற்கப்போகிறது என்பதற்கு முன்னறிவித்தலாகவும் இருக்கலாம். வேலைக்கு ஒருநாள் பிந்தினால் சமாளிக்கலாம். அகதிக் கோரிக்கை விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி, நீங்கள் போகாவிட்டால், உங்கள் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதும் நிலைக்குப் போகலாம். எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் கையெழுத்திடப் போகும் நாளும் அப்படித்தான். அந்த நாட்களில் பழைய காரை மட்டும் நம்ப வேண்டாம். பஸ், ரயில் வழியை முதல்நாளே பார்த்து வையுங்கள். அல்லது வேறொருவரின் காரை ஒழுங்கு செய்யுங்கள். எப்படியாவது கார் நின்றுவிட்டால் உடனே உங்கள் வழக்கறிஞருக்கு அறிவியுங்கள். இழுத்துச்செல்லும் வண்டியின் ரசீதையும் எறியாமல் வைத்திருங்கள்.

உடனே ஓட்டத்தை நிறுத்த வேண்டியவை

* காருக்கு அடியில் பெற்றோல் ஈரம், அல்லது உள்ளே பெற்றோல் மணம்
* மினுங்கும் எஞ்சின் விளக்கு
* பிறேக் பக்கம் புகை அல்லது எரிந்த மணம்
* காருக்குள் புகை மணம், தலையிடி, தலைச்சுற்று

பயிற்சி

அடுத்த முறை பெற்றோல் ஊற்றும்போது தொடங்குங்கள்.

1. தாங்கியை நிரப்பித் தூரமானியைப் பூச்சியமாக்குங்கள்.
2. கதவுத் தூணில் உள்ள காற்றளவைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு ரயரையும் அளவுங்கள்.
3. கியர்ப் பொத்தான், கூரைத் தாங்கி, சூட்டு முள் மூன்றையும் பாருங்கள்.
4. மூன்று தாங்கி ஓடிய பிறகு சராசரி எடுத்து, உங்கள் காருக்குரிய அளவோடு ஒப்பிடுங்கள்.

சாப்பாடு விநியோகம் போன்ற சொந்தத் தொழிலுக்குக் காரைப் பாவிப்பவர்கள் அதே கொப்பியில் தொழிலுக்கு ஓடிய கிலோமீற்றரைத் தனியாக எழுதுங்கள். வருமான வரிப் பத்திரம் நிரப்பும்போது அது வேண்டிவரும். அந்த வேலைக்குக் கார் பாவிப்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.

கணக்கு விளங்கவில்லை என்றாலும், கராஜ் தந்த மதிப்பீட்டை வாசிக்க முடியவில்லை என்றாலும் எமது அலுவலகத்துக்கு வாருங்கள். கொப்பியையும் ரசீதுகளையும் கொண்டுவாருங்கள். கையெழுத்து வைக்கமுதல் வந்தால் இன்னும் நல்லது.